வெயிலுக்குத் தள்ளிய குவளை

பின்முற்றத்து மேசையில், குடை நிழலுக்குள், இரண்டு குவளைகள் நிற்கின்றன. பஞ்சுறை மாட்டிய கண்ணாடிக் குவளை மூத்த மருமகன் போன வருஷம் வாங்கித் தந்தது. இரட்டைச் சுவர் வைத்த எவர்சில்வர் குவளை, மூடியோடு, இளையவன் இன்று கொண்டுவந்தது. இரண்டிலும் ஒரே பாட்டில் பீர். "எதுல ஜில்லு நிக்குதோ அதுதான் இனிமே என்னோடது," என்று சொல்லிவிட்டு மாமனார் ஃபோன் பேச உள்ளே போயிருக்கிறார். "என்ன சகலை, உங்க குவளைக்கு ஸ்வெட்டரெல்லாம் போட்டிருக்கீங்க, அதுக்குக் குளிருமா?" என்று கேட்டுவிட்டு இளையவன் நாற்காலி எடுக்கப் போகிறான். மூத்தவன் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பஞ்சுறை நனைந்து, மரப்பலகையில் ஈர வட்டம் விழுந்திருக்கிறது. எவர்சில்வரில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. இந்த வீட்டில் இளையவனுக்கும் எதற்கும் வியர்த்ததில்லை. மூத்தவன் அதன் மூடியைக் கழற்றுகிறான். ஒற்றை விரலால் குவளையை மெல்ல வெயிலுக்குத் தள்ளுகிறான். ஃபோன் பேச்சு முடிய நேரமாகிறது. வெயில் குவளையின் விளிம்பில் கண் கூசப் பளபளக்கிறது. மாமனார் வந்து முதலில் கண்ணாடிக் குவளையை எடுக்கிறார். "ஜில்லு போயிடுச்சே மாப்பிள்ளை." அடுத்து மற்றதை எடுத்துக் குடிக்கிறார். கண்கள் தாமாக மூடுகின்றன. "நீங்களே குடிச்சுப் பாருங்க." மூத்தவன் ஒரு மிடறு குடிக்கிறான். பல் கூசுகிறது. "நல்லாத்தான் இருக்கு மாமா." மாமனார் மேசையில் கிடக்கும் மூடியை எடுத்து மாட்டுகிறார். குவளையை நிழலுக்குள், தன் பக்கமாக, இழுத்து வைத்துக்கொள்கிறார்.