நாற்பத்தாறு மணி நேரம்

"அந்த நாற்பத்தாறு மணி நேரத்தையும் அடிச்சிடுங்க சிஸ்டர்."

கையெழுத்துப் போடக் குனிந்த பொறுப்பு நர்ஸ், பேனாவை மூடாமலே நிமிர்ந்தார். எதிரே கல்லூரிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். நான்கு மணி என்றால் நான்கு மணிக்கு வாசலில் நிற்பவள் என்பதால், அந்தப் பராமரிப்பு இல்லத்தில் எல்லாருக்கும் அவள் 'மணிக்கூண்டு'.

"எதை அடிக்கணும்?"

"பதினோராம் கட்டில் கூட இருந்த நேரத்தை."

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயிற்சி ஏட்டை மறுபடி புரட்டினார். நோயாளிகளுக்குத் துணையாக நூற்றிருபது மணி நேரம் இருந்தால் கல்லூரியில் நான்கு கிரெடிட். மணிக்கூண்டு நூற்றிருபத்திரண்டு மணி நேரம் இருந்திருக்கிறாள். அதில் நாற்பத்தாறு, நேற்றுக் காலையில் இறந்துபோன பதினோராம் கட்டில் தையல்காரரோடு.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? அதை அடிச்சா எழுபத்தாறுதான் நிக்கும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஏட்டைக் கொடுத்தாகணும்னு நீதானே பறந்தே?"

"ஆமா சிஸ்டர்."

"நாலு கிரெடிட்டும் போச்சுன்னா பட்டம் அடுத்த வருஷம்தான். வேலைக்கு உத்தரவு வந்திருக்குன்னியே, அவங்க உனக்காக ஒரு வருஷம் நாற்காலியைத் துடைச்சு வச்சுக்கிட்டுக் காத்திருப்பாங்களா?"

"மாட்டாங்க."

"உங்கம்மாகிட்ட சொன்னியா?"

"இனிமேதான் சொல்லணும்." அதுவரை நேராக நின்ற குரல் அங்கேதான் ஒருமுறை உடைந்தது.

நர்ஸ் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பஸ்ஸில் வந்த நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள் சிஸ்டர் என்று காலைச் சுற்றும் பிள்ளைகளைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறார். குறைக்கச் சொல்லி ஒருத்தி வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"உண்மையைச் சொல்லு. அந்த மனுஷன் உங்கிட்ட ஏதாவது தப்பா நடந்துக்கிட்டாரா?"

"ஐயோ, இல்ல சிஸ்டர்!"

"பின்னே? கூட இருக்காமலே இருந்ததா எழுதிட்டியா? அப்படியும் சொல்ல முடியாதே. நானே கண்ணால பார்த்தேனே."

பார்க்கத்தான் பார்த்தார். தையல்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. சேர்த்த அன்று உறவினர் யார் என்று கேட்டதற்கு, "ஒருத்தரும் இல்ல, எழுதிக்கோ" என்று அதட்டியவர். துணைக்கு வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக விரட்டி அடித்தவர். மணிக்கூண்டையும் முதல் நாளே மடக்கினார்.

"நீயும் பாவம் பார்த்து வந்தியா?"

"இல்ல. மார்க்குக்காக வந்தேன்."

"அப்பாடா! அப்போ உட்காரு. பாவம் பார்க்கிறவங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

அதற்குப் பிறகு அவளைத் தவிர யாரையும் அவர் பக்கத்தில் சேர்க்கவில்லை. அவள் சாப்பாடு ஊட்டினாள், முகம் மழித்துவிட்டாள், நகம் வெட்டினாள். ஒருநாள் அவள் சட்டையின் தோளைக் காட்டி, "இதை எந்த மகராசன் தைச்சான்? ஒரு பக்கம் இழுக்குதே" என்று வம்புக்கு இழுத்தார். "எங்கம்மா" என்றாள் அவள். மனிதர் கப்சிப். ஊசி போட வந்த நர்ஸ், "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இப்போது நர்ஸின் குரல் இறங்கியது.

"செத்துப்போனவரை வச்சு மார்க் வாங்குறது உறுத்துதாம்மா? அப்படியெல்லாம் நினைக்காதே. நாதியில்லாம போக வேண்டிய ஆளு. நீ இருந்ததால நாலு வார்த்தை பேசிட்டுப் போனார். நியாயமா சம்பாதிச்ச மார்க் இது."

"அவரை எப்ப எடுக்கறாங்க சிஸ்டர்?"

"நாளைக்குக் காலையில. கேட்டு வர ஆள் இல்லையே, நம்ம ஆளுங்களே பார்த்துப்பாங்க."

"நாளைக்குக் காலையிலயா..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "மார்க்குக்காகத்தான் வர்றேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன் சிஸ்டர். கடைசி நாள் வரைக்கும் அதையேதான் சொன்னேன்" என்றாள்.

"சொன்னா என்ன? உள்ளதைத்தானே சொன்னே?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "இதோ பாரு, காரணம் எழுதாம ஒரு மணி நேரத்தைக்கூட அடிக்க முடியாது. கல்லூரியில ஏட்டைத் திருப்பி அனுப்பிடுவாங்க. உன் கையாலேயே எழுது. எழுத வரலைன்னா பேசாம கையெழுத்தை வாங்கிட்டு ஓடு. மணி நாலே கால் ஆச்சு."

பேனாவைக் கையில் கொடுத்தால் புத்தி வந்துவிடும் என்று அவர் நினைத்தார். அவளோ பேனாவை வாங்கி, பதினோராம் கட்டில் என்று இருந்த வரிகளின் மேலெல்லாம் நிதானமாகக் கோடு போட்டாள். பக்கத்தில் இரண்டே வார்த்தை எழுதி ஏட்டை நகர்த்தினாள்.

'விதி ஆறு.'

விதிகள் பின் அட்டையின் உள்பக்கம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதை எந்தப் பிள்ளையும் படித்ததில்லை. சொல்லப்போனால் நர்ஸும் படித்ததில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி, ஆறில் நிறுத்தினார்.

'மாணவர் தம்மைப் பெற்ற தாய்க்கோ தந்தைக்கோ துணையாக இருந்த நேரம், பயிற்சி நேரமாகக் கருதப்படாது.'