மிட்டாயின் கண்கள்

டார்ச்சை அடித்தான். கண்மணி சுருங்கவில்லை.

இன்னும் கிட்டே கொண்டுபோய் அடித்தான்.

இல்லை.

பகல் பதினொரு மணி. சன்னலில் வெயில் கொட்டுகிறது. இந்த வெளிச்சத்துக்குப் பூனையின் கண்மணி நெல்லளவு ஒடுங்கியிருக்க வேண்டும். இதற்கோ கண் முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு மஞ்சள் வளையம்.

"மூணு நாளா இப்படித்தான் சார் முழிக்கா. செவுத்துல போய் முட்டுதா" என்றாள் பூனையைக் கொண்டுவந்த செண்பகவல்லி.

பூனையின் பெயர் மிட்டாய். கோவில்பட்டிப் பூனைக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அவன் அரசு மருந்தகத்தின் கால்நடை மருத்துவன். ஆடும் மாடும் பார்த்துப் பழகிய கை. பூனை என்றாலே கொஞ்சம் உதறல்தான். ஆனால் இன்று மிட்டாய் கீறவில்லை. மேசைமேல் நின்றபடி, இல்லாத எதையோ முன்காலால் தட்டிக்கொண்டிருந்தது.

கண்ணில் அடி இல்லை. சீழ் இல்லை. ஒரு கண் என்றாலாவது ஏதாவது சொல்லலாம். இரண்டும் ஒன்றுபோல் விரிந்து கிடந்தன. வயதான பூனைக்கு ரத்தக்கொதிப்பில் இப்படி ஆவதுண்டு. இதற்கு வயது மூன்று.

"சார், இன்னொரு தம்ளர் தண்ணி கிடைக்குமா?"

கொடுத்தான். திரும்பி வந்து பூனையின் ஈறைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தான். படபடவென்று அடித்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன ஆடியில் நான்கு ஆடுகள். இதே கண். தரிசில் ஊமத்தையை மேய்ந்துவிட்டு வந்தவை.

அப்பாடா, பிடித்துவிட்டோம் என்று அவனுக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"வீட்டுப் பக்கம் ஊமத்தஞ்செடி இருக்காக்கா?"

"மூணாவது மாடி சார். தொட்டியில துளசி மட்டுந்தான். இவ படியே எறங்க மாட்டா."

"அப்ப என்னதான் திங்கா?"

செண்பகவல்லிக்கு வெட்கம் வந்துவிட்டது.

"யார்ட்டயும் சொல்லிராதீங்க. ஒரு மாசமா எங்க வீட்டுக்காரரே காலையில பால் காய்ச்சிக் குடுக்காரு. மஞ்சப்பொடி, பனங்கற்கண்டெல்லாம் போட்டு. எனக்குப் பாலே பிடிக்காது. ஆனா பதினோரு வருசத்துல இப்பத்தான் எனக்குன்னு ஒண்ணு செய்யாரு. அவரு மனசு நோகக்கூடாதுல்லா? அந்தப் பக்கம் போனதும் பாதிய இவ தட்டுல ஊத்திருவேன்."

அவன் கை பூனையின் மேலேயே நின்றது.

முதல் தடவையாக அவளை நன்றாகப் பார்த்தான். அறைக்குள் வந்தும் கறுப்புக் கண்ணாடியை அவள் கழற்றியிருக்கவில்லை. வந்ததும் சீட்டில் எழுத்து கலங்கித் தெரிகிறது என்று பெயரை அவனையே எழுதச் சொல்லியிருந்தாள். இத்தனை நேரமும் பூனையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், மடையன்.

"கண்ணாடியக் கழட்டுங்கக்கா."

"வெயில் கூசுது சார். வயசாகுதுல்லா?" சிரித்துக்கொண்டே கழற்றினாள்.

டார்ச்சைத் தூக்கினான்.

சுருங்கவில்லை.

ஆட்டுக்காரரிடம், செடியை வேரோடு பிடுங்கி எறியுங்கள் என்று சொல்ல முடிந்தது. இவளிடம் என்னவென்று சொல்வது?

வெளியே பைக் ஹாரன் கேட்டது.

"அவருதான். கூட்டிட்டுப் போக வந்துட்டாரு." அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"அக்கா, இன்னைக்குப் பால்?"

"நேத்துலருந்து இவ தட்டயே பாக்க மாட்டேங்காளே. முழுசும் நாந்தான் குடிச்சேன்."

சொல்லிவிட்டுப் பூனைக் கூடையை எடுக்கக் கை நீட்டினாள். விரல்கள் வெறும் மேசையைத் துழாவின. கூடை இந்தப் பக்கம் இருந்தது.

ஹாரன் மறுபடியும் அடித்தது.

அவன் போய்க் கதவைத் தாழ் போட்டான்.