வீட்டில் இருவர்

தினமும் பொழுது சாய்ந்ததும் ஏசி குரல் கொடுக்கும்: "வீட்டில் இருவர். குளிரைக் கூட்டுகிறேன்."

முப்பதாவது மாடியில் தனியாக இருந்த எழுபது வயது தர்ஷினிக்கு முதல் நாள் அதைக் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு அந்த நேரத்துக்காகவே காத்திருந்தாள். யார் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் திருத்திக்கொண்டுவிடுமோ என்று பயம்.

அவுட்டோர் யூனிட்டைக் கழுவ வந்த மெக்கானிக் பால்கனியிலிருந்து கூப்பிட்டான்.

"பின்னாடி புறா கூடு கட்டியிருக்குங்கம்மா. ஏசி ஒரு ஆளைக் கூடுதலா எண்ணுதுன்னு அதோட பதிவுல பார்த்தேன், அது இதோட ஒடம்புச் சூடுதான். கூட்டைத் தூக்கிப்போட்டா சரியாயிடும்."

தர்ஷினி எட்டிப் பார்த்தாள். முட்டைமேல் உட்கார்ந்திருந்த புறா நகரவில்லை.

"சுத்தி மட்டும் தொடைச்சுட்டுப் போப்பா," என்றாள். "அது சரியாத்தான் எண்ணுது."