வெட்டுக் கூலி

இடஒதுக்கீடு கேட்டு 1987-இல் சாலை மறியல் நடந்த வாரம். கச்சிராயபாளையம் சாலையின் குறுக்கே, மறியலுக்காகச் சாய்க்கப்பட்ட புளியமரம் ஒன்று கிடந்தது. அதை வெட்டி அகற்ற, கூலியாள் பாவாடையை அழைத்து வந்தார் சாலை மேஸ்திரி நாராயணசாமி.

"மறியல்காரங்க பாத்தா அடிப்பாங்களே, பயமா இல்லியா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"வெட்டுறது என் பொழப்புங்க. எதுக்குன்னு கேட்டுக்கினு இருந்தா வூட்டுல அடுப்பு எரியாது."

மரத்துக்கு அந்தப் பக்கம், வெள்ளிமலையிலிருந்து வந்த ஜீப் விடியலிலிருந்தே நின்றது. உள்ளே ஒரு பெண் பிரசவ வலியில் கதறிக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரம் அண்ணே!" என்று அவள் கணவன் கெஞ்சினான்.

பாவாடை மூச்சு வாங்க வெட்டினான். உள்ளங்கை கிழிந்து கோடரிப் பிடி நனைந்தது. வெயில் ஏறுவதற்குள் கதறல் முனகலாகி, பிறகு அடங்கிப்போனது.

ஒருவழியாக ஜீப் போகும் அளவுக்கு வழி பிறந்தது. ஆனால் ஜீப் கிளம்பவில்லை. கணவன் அவள் முகத்தை மூடிவிட்டு இறங்கி வந்து பாவாடையின் கைகளைப் பிடித்துக்கொண்டான்.

"நீ ஒருத்தனாவது எங்களுக்காகப் பாடுபட்டியே அண்ணே."

மேஸ்திரி கூலியை நீட்டினார். "நல்லா வேல செஞ்ச பாவாடை."

பாவாடை அதை வாங்கவில்லை.

"நேத்து இந்த மரத்தைச் சாய்க்கச் சொன்னவங்களும் இதே கூலியக் குடுத்து, இதையேதாங்க சொன்னாங்க."