சினிமாக்காரனைக் கட்டிக்காதே

நான் டைரக்ட் செய்த முதல் படத்துக்கு வந்த கூட்டத்தைக் கலைக்க ராணுவம் வந்தது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறேன். வந்தவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு படம் பார்க்க வந்தவர்கள். புத்தகம் என்றால் அப்படித்தான்.

இப்போதெல்லாம் சுயசரிதையை யாரும் வாசிப்பதில்லை, அதனிடம் யோசனை கேட்கிறார்கள். அது எழுதியவரின் குரலிலேயே பதில் சொல்கிறது.

என் மகள் மதுவந்தி, எடிட்டர் கதிரேசனைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று என்னைக் கேட்கவில்லை. என் புத்தகத்தைக் கேட்டாள்.

"சினிமாக்காரனைக் கட்டிக்கிறதுக்கு ஜெனரேட்டர் வேனைக் கட்டிக்கலாம்மா. வெளிச்சமாவது கிடைக்கும்" என்றது அது. நான் எழுதியதுதான். எழுதிவிட்டு ஒரு வாரம் சிரித்தேன்.

அன்றைக்கே அவள் கதிரேசனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கோ அவனை ரொம்பப் பிடிக்கும். என் படத்திலேயே முக்கால் மணி நேரத்தை வெட்டிய தைரியசாலி.

பதறிப்போய்ப் புத்தகத்திடம், "அது தமாஷுய்யா, மாத்திச் சொல்லு" என்றேன்.

"தயாரிப்பாளர் அழுதார்னு கிளைமாக்ஸை மாத்துறவன் டைரக்டரே இல்ல" என்றது. அதுவும் நான் எழுதியதுதான்.

மகளிடமே போனேன்.

"மது, நானும் உங்கம்மாவும் சந்தோஷமாத்தானே இருக்கோம்?"

"புத்தகத்துல அப்படி ஒரு வரிகூட இல்லையேப்பா."

"அதை எழுதினா எவன் சிரிப்பான்?"

"சிரிக்க வேண்டாம். எங்கிட்ட சொல்லுங்க."

யோசித்தேன். "ஒவ்வொரு படம் ஊத்திக்கிட்டப்பவும் உங்கம்மா கேரம் போர்டை எடுத்து வெச்சு, என்னை ஜெயிக்க விடுவா. அப்படியே நான் பெரிய சாம்பியன் ஆயிட்டேன்."

மதுவந்தி சிரிக்கவில்லை. கதிரேசனுக்குப் போன் போட்டாள்.

"உனக்குக் கேரம் ஆடத் தெரியுமா?"