பக்கத்து இருக்கை

நூறு வருடப் பழைய சொகுசுக் கார். எங்களிடம் இருந்தது அதன் சேஸி, வெறும் அடிச்சட்டம் மட்டும். மூடிய பாடி கட்டுவதா, திறந்ததா என்று எனக்கும் என் கணவர் பழனியப்பனுக்கும் ஓயாத சண்டை. கடைசியில் ஆஸ்பத்திரிப் படுக்கையில், "மூடியே கட்டு லா, உன் இஷ்டம்," என்றார்.

அவர் கருமாதி முடிந்ததும் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் பட்டறையில் மூடிய பாடி கட்டச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து, நேற்று ஃபெர்ரி ஏறிப் பார்க்கப் போனேன். கார் மேற்கூரை இல்லாமல் திறந்து கிடந்தது. இரண்டே இருக்கை.

"நீங்க சொல்லிட்டுப் போன மறுவாரமே அண்ணன் வந்து மாத்தச் சொன்னாரே, அக்கா," என்றார் பட்டறைக்கார ஷஃபீக். என் கணவர் இறந்ததை நான் ஷஃபீக்கிடம் சொல்லியிருக்கவில்லை.

அங்கே ஆளை உட்காரவைத்துத்தான் இருக்கைக்கு அளவெடுப்பார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். முழங்கால் இடித்தது.

"அது உங்க அளவு இல்ல, அக்கா. அண்ணன்கூட வந்த லேடி கொஞ்சம் குள்ளம்."