பொங்கல் குழம்பில் உப்பு

அக்காவும் அண்ணனும் பேச்சை நிறுத்திய பிறகு வரும் இரண்டாவது பொங்கல் இது. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, நான் தனியாக இருக்கும் வீட்டின் அடுப்படியில் சேர்ந்து நின்று சமைத்தார்கள். பேச்செல்லாம் என் வழியாகத்தான் நடந்தது.

“தவம், அடுப்பக் குறைக்கச் சொல்லு அவன.”

“கறிவேப்பில எங்கன்னு கேளு, அந்த மகாராணிகிட்ட.”

மூன்றடி தூரத்தில் நிற்பவர்களுக்கு ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னேன். மற்ற நாட்களில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த வீட்டில் ஆள் இல்லை.

படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது. குழம்பு கொதித்தபோது அக்கா ஒரு கை உப்பைப் போட்டுவிட்டு வாழையிலை கழுவப் போனாள். அண்ணன் வந்து எட்டிப் பார்த்தான். அவனும் ஒரு கை போட்டான். உப்புப் போட்டாச்சா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.

படைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். முதல் கவளத்திலேயே அண்ணன் நிமிர்ந்தான்.

“ஏன்க்கா, கடலையே கொண்டாந்து ஊத்திட்டியா?”

“அப்ப நீயும் போட்டியாடா, எரும?”

சிரித்ததில் அக்காவுக்குப் புரையேறியது. அண்ணன் அவள் தலையில் தட்டினான். பிறகு இரண்டு வருடத்துப் பேச்சும் வெளியே வந்தது. இலை காய்ந்தும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

இரண்டு கை உப்பைப் பேசாமலே விழுங்கிவிடுவார்களோ என்று பயந்து, மூன்றாவது கையைப் போட்டது நான்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. என் இலையில் இருந்த குழம்பை ஒரு சொட்டு விடாமல் வழித்துத் தின்றேன்.